இங்கிலாந்துக் கிராமத்தில் வாடகை வீடா? முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்!

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ நர்ஸ் வேலைக்கோ டாக்டர் வேலைக்கோ இங்கிலாந்து போயிருக்கிறார்களா? அப்படியானால் ஒரு நாள் உங்கள் செல்போனுக்கு ஒரு போட்டோ வரும். கல்லால் கட்டிய சின்ன வீடு. வாசலில் ரோஜாக்கொடி. பின்னால் பச்சைப் பசேலென்று மலைச் சரிவு, அதில் பஞ்சு உருண்டைகளாக ஆடுகள். கீழே ஒரு வரி: "அப்பா, டவுனுக்குள்ள வாடகை கட்டுப்படியாகல. பக்கத்துக் கிராமத்துல இந்த வீடு கிடைக்குது. ரொம்ப அமைதியான இடம். முடிச்சிடவா?"

நீங்களும் போட்டோவைப் பார்த்துச் சொக்கிப்போய், "முடிச்சிடும்மா" என்று சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டுச் சுவரை யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

'சித்த வைத்தியருக்கு வீட்டு வாடகையில் என்ன வேலை?' என்கிறீர்களா? எங்கள் படிப்பில் 'நோயில்லா நெறி' என்று ஒரு பாடம் உண்டு. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது இருக்கட்டும். வராமல் இருக்க எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எப்படி வாழ வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். குறிஞ்சியில் ஒரு விதம், நெய்தலில் ஒரு விதம், மருதத்தில் ஒரு விதம் என்று நிலத்துக்கும் உடம்புக்கும் உள்ள உறவை அங்கே படித்திருக்கிறோம். என் மகள் குடும்பம் இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறது. 2023 நவம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை நானும் என் மனைவியும் அங்கே தங்கினோம். நோயாளியைப் பார்ப்பது போல ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அந்த மூன்று மாதத்தில் எனக்கு நன்றாகவே விளங்கியது.

நம் ஊரில் வாடகைக்குப் போனால் என்ன கேட்போம்? தண்ணீர் வருமா, வெயில் மேற்கே அடிக்குமா, காற்றோட்டம் இருக்கிறதா. அங்கே கேள்வியே வேறு. வீடு காய்ந்திருக்கிறதா? சூடு நிற்குமா? இந்த இரண்டும் சரியில்லை என்றால் ரோஜாக்கொடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூக்கும் கையும் போதும்

வீட்டைப் பார்க்கப் போகும் நாள் மழைநாளாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் அழகுதான். கதவைத் திறந்ததும் பேசாமல் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பழைய கோணிச் சாக்கு வாடை அடிக்கிறதா? ஏஜென்ட் வருவதற்கு முன்பே வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறாரா? ஒரு சுவரில் மட்டும் புது பெயின்ட் பளபளக்கிறதா? மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா? இதெல்லாம் வீடு தன் வாயால் சொல்லும் சேதி.

பிறகு புறங்கையால் சுவரைத் தொடுங்கள். வெளிச்சுவரின் உள்பக்கம், குறிப்பாக வடக்குப் பார்த்த சுவர், அலமாரிக்குப் பின்புறம், ஜன்னலுக்குக் கீழே, அறை மூலைகள். வெறும் குளிர்ச்சி வேறு, ஈரக் குளிர்ச்சி வேறு. வேட்டி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா என்று தாராளமாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். குளியலறையிலும் சமையலறையிலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருக்கிறதா, ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு டிஷ்யூ காகிதம் போதும். ஃபேன் வாயில் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் அந்த ஃபேன் சத்தம் போடத்தான் இருக்கிறது, வேலைக்கு இல்லை.

மகளால் நேரில் போக முடியவில்லை, போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றால் வேண்டவே வேண்டாம். இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறையும் மோசடி அங்கேயும் உண்டு. உடன் வேலை பார்க்கும் ஒருவரையாவது நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

ஓதம் மூன்று வகை

சுவரில் ஈரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. காய்ச்சலில் எத்தனை வகை இருக்கிறதோ அப்படித்தான் இதுவும்.

தரையிலிருந்து மேலே ஏறும் ஓதம் ஒன்று. சுவரின் அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை கறைக்கோடு போட்டிருக்கும், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மழை உள்ளே புகுவது இரண்டாவது. கூரை, ஓட்டைத் தாரை, சுவர் இடுக்கு இவற்றின் வழியாக வரும். மழை பெய்த மறுநாள் கறை பெரிதாகும், காய்ந்தால் சுருங்கும். மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஆவி குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் படிந்து நீராவது. இதில்தான் மூலைகளில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை வரும்.

முதல் இரண்டும் வீட்டின் நோய். மூன்றாவதில் வீட்டுக்கும் பங்கு உண்டு, குடியிருப்பவருக்கும் பங்கு உண்டு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அங்குள்ள பழைய கல் வீடுகள் பெரும்பாலும் ஒற்றைத் திண்ணைச் சுவர் கொண்டவை. நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் இரட்டைச் சுவர் பிற்பாடு வந்த பழக்கம். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டினார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு மூச்சு விடும். வாங்கிய ஈரத்தைத் திருப்பி வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் வந்தவர்கள் 'உறுதியாக இருக்கட்டும்' என்று கல் இடுக்குகளில் சிமென்டைப் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வீடு பார்க்கும்போது வெளிச்சுவரில் கல்லுக்கு நடுவே கெட்டியான சாம்பல் நிறச் சிமென்ட் தெரிந்தால் உள்பக்கத்தை இன்னும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

"உங்க சமையல்தான் காரணம்!"

நாங்கள் போய் இறங்கியபோது என் பேரனுக்கு மூன்று வயது. இரவு இரண்டு மணிக்கு மேல் இருமல், நெஞ்சில் பூனை கத்துவது போல் சத்தம். பகலில் விளையாடப் போனால் ஒன்றுமில்லை. மகள், "அப்பா, ஏதாவது கஷாயம் போட்டுக் குடுங்களேன்" என்றாள். நான் முதலில் குழந்தை படுக்கும் அறையைப் பார்த்தேன். கட்டில் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தது. அலமாரியை மாப்பிள்ளையும் நானும் நகர்த்தினோம். பின்னால் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை!

"ஏஜென்ட் போன மாசமே வந்து பாத்துட்டுப் போனாருப்பா. நாம சமைக்கிற ஆவிதான் காரணமாம். நிறைய வேக வைக்கிறோமாம். ஜன்னலைத் திறந்து வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள் மகள். பிறத்தியார் வீட்டில் குடியிருக்கிற குற்ற உணர்ச்சி அவள் குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் குடையோடு வெளியே போய் அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தேன். கூரையோரத் தாரையில் இலைச் சருகு அடைத்து, மழைநீர் குழாயில் இறங்காமல் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தடத்தில் பாசி படிந்து ஒரு பச்சைக் கோடு. வேக வைத்த இட்லியா அந்தப் பாசியை வளர்த்தது? தேதி போட்டுப் போட்டோ எடுத்து, 'உள்ளே இந்தக் கறை, வெளியே நேர் பின்னால் இந்த ஓட்டம்' என்று மாப்பிள்ளை ஈமெயில் அனுப்பினார். இரண்டு கடிதம் தேவைப்பட்டது. அப்புறம் ஆள் வந்து தாரையைச் சுத்தம் செய்து, இணைப்பையும் மாற்றிவிட்டுப் போனார். சுவர் காய ஏழெட்டு வாரம் ஆனது. அதுவரை குழந்தையை வேறு அறைக்கு மாற்றினோம். இருமலுக்கு அந்த ஊர் டாக்டரிடம் காட்டி, அவர் கொடுத்த இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னேன். சுவர் நனைந்துகொண்டிருக்கும்போது குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்து என்ன பலன், சொல்லுங்கள்!

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். பெற்றோர் சூடானிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டுப் பூஞ்சையைப் பற்றி அவர்கள் பலமுறை முறையிட்டும், குடியிருப்பவர்களின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று தட்டிக்கழித்தார்கள். வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தப் பிஞ்சின் பெயராலேயே 'அவாப் சட்டம்' என்று வந்தது. சமூக வாடகை வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறை. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்டிக்கச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள்.

தனியார் வீட்டுக்காரருக்கும் பொறுப்பு இல்லாமல் இல்லை. வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்று 2018-ல் ஒரு சட்டம் இயற்றி, 2019 மார்ச்சிலிருந்து அமல்படுத்தியிருக்கிறார்கள். கேட்டும் செய்யவில்லை என்றால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். ஆள் வந்து பார்ப்பார்கள்.

'புகார் சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களே' என்ற பயம் நம்மவர்களுக்கு அதிகம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க முன்பு வீட்டுக்காரருக்கு உரிமை இருந்தது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபர் 27-ல் அரச ஒப்புதல் பெற்றது; 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அந்தக் காரணமில்லா நோட்டீஸ் கிடையாது. எனவே பயப்படாமல் எழுதட்டும். போனில் பேசுவது காற்றோடு போகும். எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. நம் சமையல் ஆவிச் சமையல்தான். காலையில் இட்லி, மதியம் சோறு, குழம்பு கொதி, ராத்திரி மறுபடியும் இடியாப்பம் என்றால் அவ்வளவு நீரும் எங்கே போகும்? குளிர்ந்த சுவரைத் தேடித்தான் போகும். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். சமையலறைக் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓட விடுங்கள்.

துணி உலர்த்துவது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு நடைத் துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்துவிடும். ரேடியேட்டர் மேல் ஈரத்துணியைப் பரப்பி வைப்பது அங்கே எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து உலர்த்தலாம். முடிந்தால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. 40-லிருந்து 60 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

குளிருக்குப் பயந்து ஜன்னல் மேல்சட்டத்தில் உள்ள காற்றுத் துவாரங்களில் பேப்பரைத் திணிப்பதும் டேப் ஒட்டுவதும் வேண்டாம். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விட்டு மூடுங்கள். கட்டிலும் அலமாரியும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். புழங்கும் அறைகளில் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சூடு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கொடுத்த வழிகாட்டல். செலவைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தி வைத்துவிட்டு, கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதால் மிச்சமாகும் பணம் பிறகு மருத்துவத்துக்குத்தான் போகும்.

ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அலமாரி ஒன்று இருக்கும். உள்ளே எப்போதும் வெதுவெதுப்பு. என் மனைவி இரண்டாம் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இட்லி மாவு அதில் வைத்தால் நம் ஊர் மாதிரியே பொங்குகிறது!

மண்ணெண்ணெயும் மரக்கட்டையும்

கிராமங்களில் பல வீடுகளுக்குக் குழாய் காஸ் கிடையாது. தோட்டத்தில் ஒரு தொட்டி, அதில் எண்ணெய். என்ன எண்ணெய் என்று பார்த்தால் நம் ரேஷன் கடை மண்ணெண்ணெயின் சொந்தக்காரன்தான்! பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவந்து ஊற்ற மாட்டார்கள். காஸுக்கும் கரண்டுக்கும் அரசு அமைப்பு வைத்திருக்கும் விலை வரம்பு இதற்கு இல்லை. குளிர் இறங்கிய பிறகு ஆர்டர் கொடுத்தால் லாரி வர நாளாகும், கோடை முடிவதற்குள் நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். குடி போகும் நாளில் தொட்டியில் எவ்வளவு இருந்தது என்பதைப் போட்டோவோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டின் எரிசக்தித் தரத்துக்கு ஏ முதல் ஜி வரை சான்றிதழ் உண்டு. விதிவிலக்கு இல்லாத வாடகை வீடு குறைந்தது 'இ' தரமாவது இருக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கணப்பு அடுப்பு இருந்தால் அழகுதான். புகைபோக்கியை வருடம் ஒருமுறையாவது சுத்தம் செய்த ரசீதைக் கேளுங்கள். ஈரவிறகு ஆகாது; ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் போகாத கட்டைதான் எரிக்கலாம். புகைக்கும் சாதாரண நிலக்கரி விற்பனையை இங்கிலாந்தில் 2023-ல் முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். எரியும் எதுவும் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெளியே போனால் சரியாகிறது, வீட்டுக்குள் வந்தால் மறுபடி வருகிறது. இப்படி இருந்தால் 'பித்தம்' என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெளியேறி, உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள். எண்ணெய் பாய்லர், கணப்பு போன்றவை உள்ள அறைகளில் இந்த வாயுவுக்கு அலாரம் பொருத்துவது 2022 அக்டோபர் முதல் வீட்டுக்காரர் கடமை. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வது கூடவே கூடாது. ஈர வாடை போகட்டும் என்று அறை அறையாகச் சாம்பிராணி போடுவதும் வேண்டாம். இருமுகிற குழந்தைக்கு அது கேடு. புகை அலாரம் கத்தும், எரிச்சலில் யாராவது அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

டெர்பிஷர், டெவன், கார்ன்வால் பக்கம் வீடு என்றால் ரேடான் என்ற இன்னொரு வாயுவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாறையில் உள்ள யுரேனியத்திலிருந்து கசிந்து தரை வழியாக வீட்டுக்குள் வருவது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரலைத் தாண்டினால் நடவடிக்கை வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். சின்ன டப்பா போன்ற கருவியை மூன்று மாதம் வீட்டில் வைத்து அளக்கிறார்கள். சோதித்தீர்களா என்று வீட்டுக்காரரைக் கேட்பதில் தப்பில்லை.

கழிவுநீர் விஷயம். கிராமத்தில் பொதுச் சாக்கடை இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க்தான். பொரித்த எண்ணெயை ஸிங்க்கில் ஊற்றாதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்கள் உடம்பு எண்ணெயைக் காகிதத்தால் வழித்தெடுத்துவிட்டுக் குளியுங்கள். சீயக்காய்த் தூள் குழாயை அடைக்கும். டேங்க் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதல்: வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் இருந்தது. 2026 மே 1 முதல் செய்யும் ஒப்பந்தங்களில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்க முடியாது. விசா நிலையைக் காட்டும் குறியீட்டு எண் கேட்பார்கள், சட்டப்படி அது சரிதான். வாடகை போக கவுன்சில் வரி தனி. குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவிகிதம் தள்ளுபடி.

அமைதி என்னும் விருந்தாளி

முதல் வாரம், 'ஆகா, என்ன அமைதி!' மூன்றாவது வாரம், 'பேச ஒரு ஆள் இல்லையே!' டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். கடைசி பஸ் சாயங்காலத்தோடு சரி, ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் பஸ்ஸே இல்லை. ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வரும் நர்ஸ் எப்படி வீடு போய்ச் சேருவாள்? கார் இல்லாமல் கிராம வீட்டை முடிக்காதீர்கள். நம் நாட்டு லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் அந்த நாட்டு லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகிறவர் தப்பித்துவிடுவார். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் கஷ்டம். பிரசவமான வீட்டுக்கு அரசு சுகாதார விசிட்டர் தேடி வருவார். அவரிடம் குழந்தை எடையை மட்டும் பேசாமல் 'எனக்கு அழுகை அழுகையாக வருகிறது' என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். கிராம மண்டபத்தில் சின்னக் குழந்தைகளும் தாய்மார்களும் கூடும் நாள் ஒன்று இருக்கும். முதல் நாள் போகத்தான் கால் வராது. எங்கள் மகளுக்கு அங்கே கிடைத்த பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பனி விழுந்த நாட்களில் பால் வாங்கி வந்து வாசலில் வைத்தவர்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் இதில் பழகியவர்கள். டெர்பிஷரில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-ல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு பிளேக் நோய் வந்தது. நோய் அக்கம்பக்கம் பரவக் கூடாது என்று, பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சொல்லைக் கேட்டு, ஊர்க்காரர்கள் தங்களையே அடைத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் காசை வினிகரில் போட்டு வைப்பார்கள். சுமார் 260 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குழி விழுந்த கல்லை இன்றும் பார்க்கலாம்.

குடி போன வாரமே அந்தப் பகுதி டாக்டரிடம் பெயர் பதிந்துவிட வேண்டும். முகவரிச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. மருந்துக்கடை 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிராமங்களில் பல டாக்டர்கள் தங்கள் இடத்திலேயே மருந்து தருகிறார்கள். வைட்டமின் டி-யும் முக்கியம். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அங்குள்ள வெயில் நம் தோலுக்குப் போதாது. தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எல்லாருக்குமே சொல்கிறார்கள். நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். சித்த வைத்தியர் மாத்திரை சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள். சூரியன் இல்லாத இடத்தில் சூரியனுக்குப் பதில் ஏதாவது வேண்டாமா?

கபம் சேரும் அந்தக் குளிருக்கு மிளகு ரசமும் சுக்குக் காபியும் நல்ல துணை. சுக்கு, மிளகு, திப்பிலி கொண்டு போங்கள். பற்பம், செந்தூரம், ரசம் சேர்ந்த மருந்துகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். உலோகம் கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றி அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. வைத்தியர் பக்கத்தில் இல்லாமல் அவற்றைச் சாப்பிடுவதும் சரியல்ல. நெய், பால்கோவா போன்றவற்றை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, வீணாகச் சுமக்காதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு. விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் இலவசம் கிடையாது. அரசுக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும். காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பழைய கல் வீட்டின் மாடிப்படி குறுகல், ஏணி மாதிரி செங்குத்து. குளியலறை மேலே இருக்கும் அல்லது கீழே மட்டும் இருக்கும். நீங்கள் படுக்கும் தளத்திலேயே கழிப்பறை இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இல்லையென்றால் படியில் இரவு விளக்கு ஒன்றும், சுவரில் கைப்பிடி ஒன்றும் பொருத்த வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கச் சொல்லிவிட்டு டிக்கெட் எடுங்கள்.